‘சாதா ஜன்னிதான்’ என்று சொல்லும் முன்

பீகாரின் முசாஃபர்பூர் லிச்சிக்குப் பேர்போன மாவட்டம். 1995 தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுகள், மே மாதக் கடைசியில் பழம் பழுக்கத் தொடங்கினால் அங்கே குழந்தைகளின் சாவும் தொடங்கிவிடும். முந்தின நாள் மாலை வரை தோப்பில் ஓடித் திரிந்த பிள்ளை, விடியற்காலையில் வீறிட்டு அழும், கை கால் வெட்டி இழுக்கும், நினைவு தப்பும். பெற்றோர் அள்ளிக்கொண்டு ஸ்ரீ கிருஷ்ணா மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடுவார்கள். பல குழந்தைகள் அடுத்த சூரியனைப் பார்ப்பதில்லை. நோய்க்கு ‘மூளைக் காய்ச்சல்’ என்று பெயர் எழுதினார்கள்.

பெயர் எழுதியதும் தேடலும் அந்தப் பெயரின் பின்னாலேயே போனது. மூளைக் காய்ச்சல் என்றால் வைரஸ். வைரஸ் என்றால் கொசு, பன்றி, தடுப்பூசி. ஜப்பானிய மூளைக் காய்ச்சலைத் தேடினார்கள், அகப்படவில்லை. வெயில் என்றார்கள். பூச்சிமருந்து என்றார்கள். வேலூர் சி.எம்.சி.யில் வைராலஜித் துறைக்குத் தலைமை வகித்த டி. ஜேக்கப் ஜான், நச்சியல் அறிஞர் முகுல் தாஸுடன் சேர்ந்து ஆராய்ந்தபோது, அந்தப் பெயருக்குள் அடங்காதவற்றைக் கவனித்தார். பல குழந்தைகளுக்குக் காய்ச்சலே இல்லை. முதுகுத் தண்டு நீரில் கிருமித் தாக்குதலின் சுவடு இல்லை. எல்லாம் விடியற்காலை நேரம். பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள், ஐந்து வயதை ஒட்டியவர்கள். ரத்தச் சர்க்கரையோ அடிமட்டத்தில் கிடந்தது.

லிச்சி, நம்மூர் பூந்திக்கொட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்து ஆக்கிப் பழம் ஜமைக்காவில் இதே போன்ற சாவுகளுக்குக் காரணமாக இருந்ததை மருத்துவ உலகம் முன்பே அறிந்திருந்தது. லிச்சியில், குறிப்பாகக் காயாக இருப்பதில், உள்ள ஹைபோகிளைசின் போன்ற பொருட்கள் உடல் கொழுப்பை எரித்துச் சர்க்கரையை ஈடுகட்டும் வழியை அடைத்துவிடுகின்றன. வயிறார உண்ட குழந்தைக்கு ஈரலில் சேமிப்பு இருக்கும், தப்பித்துக்கொள்ளும். ராச்சோறு சாப்பிடாமல் தூங்கிய, ஏற்கெனவே இளைத்த குழந்தைக்கு அந்தச் சேமிப்பும் கிடையாது. விடியும் நேரத்தில் மூளை பட்டினியால் துடிக்கும்.

2014-ல் இரண்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 390 குழந்தைகளை ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். 122 பேர் இறந்திருந்தார்கள். சர்க்கரை அளவு பார்க்கப்பட்ட 327 பேரில் 204 பேருக்கு அது டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமோ அதற்கும் கீழோ இருந்தது. தீர்வு இரண்டு வரியில் அடங்கியது. ராத்திரி பட்டினியாகத் தூங்க விடாதே. வலிப்போடு வந்தால் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரையைப் பார், குறைந்திருந்தால் உடனே குளுக்கோஸ் ஏற்று. அதன்பின் சாவு குறைந்தது. கவனம் தளர்ந்த 2019-ல் மீண்டும் 150-க்கும் மேற்பட்ட குழந்தைகள் போனார்கள்.

குழந்தைகளின் அரிய நரம்பு நோய்களைப் பற்றிப் பேசினாலே மரபணுப் பரிசோதனை, கோடி ரூபாய் ஊசி என்றுதான் செய்தி வருகிறது. அவையும் வேண்டும். ஆனால் இந்தக் குழந்தைகளில் பலரின் விதி, ராத்திரி இரண்டு மணிக்கு, கேஷுவாலிட்டியில், ஒரு இளம் ட்யூட்டி டாக்டர் கேட்கும் அல்லது கேட்காமல் விடும் ஒரு கேள்வியில் முடிவாகிவிடுகிறது என்பதே உண்மை.

வழக்கத்துக்குள் ஒளியும் அரியது

அந்த டாக்டரின் நிலையையும் பார்க்க வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு ஒரு தடவையாவது வலிப்பு வரும். கிராமத்தில் ஜன்னி என்றும் வெட்டு என்றும் சொல்வது இதைத்தான். சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும். மூளைக்குக் கேடு செய்யாது. எனவே ‘சாதா ஜன்னிதான், பயப்படாதீங்கம்மா’ என்று சொல்லும் மருத்துவர் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறார். அவர் கைக்கு வந்த முந்தைய ஐம்பது குழந்தைகளும் மறுநாள் சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஐம்பத்தோராவது குழந்தை வேறு மாதிரி என்பதற்கு நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது.

கனடாவின் அவசர மருத்துவர் பாட் கிராஸ்கெரி, அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவரின் மனம் எப்படித் தவறுகிறது என்பதையே தன் ஆய்வாக எடுத்துக்கொண்டவர். முதலில் தோன்றிய நோயையே மனம் பற்றிக்கொள்வது ஒன்று. ஒருவர் எழுதிய பெயரை அடுத்தவர் கேள்வி இல்லாமல் ஏற்று, கைமாறக் கைமாற அது உறுதியாகிப்போவது இன்னொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘ஜன்னி?’ என்று கேள்விக்குறியோடு எழுதப்பட்டது, தாலுக்கா மருத்துவமனையில் கேள்விக்குறியை இழக்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் அதுவே நோயின் பெயராகிவிடும்.

இதற்குத் துணை போகிறது இன்னொரு நம்பிக்கை. சி.டி. ஸ்கேன் நார்மல் என்று வந்துவிட்டால் மூளையில் ஒன்றுமில்லை என்று பெற்றோரும், சில நேரம் மருத்துவரும் மூச்சு விடுகிறார்கள். இந்தக் கட்டுரையில் வரும் நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு சி.டி. ஸ்கேன் நார்மலாகவே இருக்கும். இதைச் சொல்லிக்கொடுக்காமல் ஸ்கேன் மெஷினை மட்டும் வாங்கி வைப்பதால் ஆபத்துதான் கூடும்.

நடக்க மாட்டேன் என்கிற பிள்ளை

மூன்று வயதுக் குழந்தைக்குக் கால் மரத்துப்போகிறது, பலமில்லை என்று சொல்லத் தெரியாது. தூக்கு என்று கை நீட்டும். நிற்க வைத்தால் அழும். ராத்திரி காலைப் பிடித்துக்கொண்டு கத்தும். வீட்டில் ‘எங்கேயோ விழுந்திருப்பான்’ என்பார்கள். சுளுக்கு வழிப்பவரிடம் கூட்டிப்போவார்கள். மருத்துவமனையில் இடுப்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது, வலி மருந்து கொடுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். இரண்டு நாளில் குழந்தை உட்காரவும் முடியாமல் சாய்கிறது. அழுகை சன்னமாகிறது. அது நோய் மூச்சுத் தசையை எட்டுகிறது என்பதற்கான எச்சரிக்கை.

குய்லன்-பாரே நோய் சிறு குழந்தைகளிடம் வருவது இப்படித்தான். முதல் உலகப் போரின் நடுவே, 1916-ல், குய்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் இரண்டு படைவீரர்களிடம் கண்டு எழுதியது. வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து போன ஓரிரு வாரத்தில், கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் பாதுகாப்புப் படை நரம்புகளையே தாக்கத் தொடங்குகிறது. 2025 தொடக்கத்தில் புனே நகரில் இது கொத்தாகப் பரவியபோதுதான் நம் செய்தித்தாள்கள் பலவும் இந்தப் பெயரை முதல் பக்கத்தில் அச்சிட்டன.

இதைக் கண்டுபிடிக்க வேண்டிய கருவி ஒரு ரப்பர் சுத்தி. முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் துள்ள வேண்டும். நடக்க மறுக்கும் பிள்ளையின் கால் துள்ளவில்லை என்றால், அது இடுப்பு எலும்பின் சிக்கலாக இருக்க வாய்ப்பு குறைவு. அழும் குழந்தையிடம் இதைப் பார்ப்பது சிரமம்தான். அம்மா மடியில் வைத்து, கவனத்தைத் திருப்பி, இரண்டாவது முறையும் பார்க்க வேண்டும். முதல் வாரத்தில் தண்டு நீர்ப் பரிசோதனை பல நேரம் ஒன்றும் காட்டாமல் போகலாம்; அதை நம்பி நோய் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. அந்த நாட்களில் சுத்தி சொல்வதே பெரிய சாட்சி. கூடவே இன்னொரு கேள்வி: சிறுநீர் போகிறானா? ஆரம்பத்திலேயே சிறுநீர் அடைத்து, முதுகும் வலித்தால் தண்டுவடத்தையே ஏதோ அழுத்துகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போது எம்.ஆர்.ஐ.யைக் காலை வரை தள்ளிப்போடக் கூடாது.

இந்தியாவில் கால் துவண்டதா என்ற கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. 15 வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் திடீரென்று கை கால் துவண்டால், காரணம் எதுவானாலும், போலியோ கண்காணிப்புக்குத் தகவல் தர வேண்டும். 14 நாட்களுக்குள், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில், இரண்டு மல மாதிரிகள் அனுப்ப வேண்டும். 2011 ஜனவரியில் ஹௌராவில் கண்ட நோயாளிதான் நாட்டின் கடைசி இயல்பு வகைப் போலியோ என்று நாம் உறுதியாகச் சொல்ல முடிந்தது, ஆயிரக்கணக்கான ஊழியர்கள் துவண்ட கால் ஒவ்வொன்றையும் தேடிப்போனதால்தான். ஒரு அரிய நோயைத் தவற விடாதிருக்க ஒரு தேசமே பழகிக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

குய்லன்-பாரே பெரும்பாலும் காலில் தொடங்கி மேலே ஏறும். மேலிருந்து கீழே இறங்குவது கண்டால் கதை வேறு. காலையில் எழுந்த பிள்ளை வயிறு வலிக்கிறது என்கிறது, வாந்தி எடுக்கிறது, இமை தொங்குகிறது, விழுங்க முடியவில்லை. உடம்பில் காயமில்லை, கடிவாயும் இல்லை. தரையில் பாய் விரித்துத் தூங்கும் வீடு. கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிப்பதில்லை, தடமும் தெரிவதில்லை. முற்றிய நிலையில் கண்பாவை விரிந்து அசையாமல் நிற்பதைப் பார்த்து மூளைச்சாவு என்று எண்ணிவிட்ட நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. செயற்கை சுவாசத்தில் சில நாட்கள் தாங்கிப் பிடித்தால் அதே குழந்தை எழுந்து உட்காரும். எனவே எங்கே தூங்கினான் என்று கேட்பதும் தமிழ்நாட்டில் நரம்பியல் கேள்விதான்.

கைக்குழந்தையாக இருந்தால் இன்னொன்றையும் கேட்க வேண்டும். பால் குடிப்பது குறைந்து, பல நாள் மலச்சிக்கல், பிறகு தலை நிற்காமல் துவள்வது என்று வந்தால், தேன் கொடுத்தீர்களா? தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசம் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு கக்கும் என்பதை 1976-ல் கலிஃபோர்னியாவில் கண்டறிந்தார்கள். சேனை தொட்டு வைக்கும் வழக்கம் உள்ள வீடுகள் ஒரு வயது வரை தேனை மட்டும் தவிர்த்துவிட வேண்டும்.

‘கும்பிடு போடுறான் டாக்டர்’

இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் ஊரில் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்று ஒரு மருத்துவர். 1841-ல் அவர் ‘லான்செட்’ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். நோயாளி அவருடைய சொந்த மகன். நான்கு மாதம் வரை நன்றாக இருந்த குழந்தை, தலையை முன்னால் குனிந்து குனிந்து நிமிர்கிறது. ஒரு தடவை தொடங்கினால் தொடர்ச்சியாகப் பல முறை. சிரிப்பு நின்றுபோனது, முகம் பார்ப்பதும் நின்றுபோனது. அட்டை விட்டுப் பார்த்தார், தலைக்குக் குளிர்ந்த பத்துப் போட்டார், பேதிக்குக் கொடுத்தார். எதுவும் பலிக்கவில்லை. லண்டனின் பெரிய மருத்துவர்களிடம் காட்டினார். தன் பிள்ளைக்கு வழி தெரியாத தகப்பன், யாருக்காவது இது தெரியுமா என்று உலகத்தைக் கேட்ட கடிதம் அது. இன்று அந்த நோய்க்கு வெஸ்ட் சிண்ட்ரோம் என்று பெயர்.

பத்தாயிரம் பிறப்பில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு வரும் நோய் இது. பெரும்பாலும் முதல் வயதுக்குள், அதிகமும் நான்கு முதல் ஏழு மாதத்தில் தொடங்கும். கை கால் உதறி நுரை தள்ளும் வலிப்பு அல்ல. தூங்கி எழுந்ததும் இரண்டு கையையும் விரித்து, தலை கவிழ்ந்து, ஒரு நொடி விறைத்து விடுபடும். பத்து இருபது முறை இப்படியே. ‘கும்பிடு போடுறான்’ என்று பாட்டி சிரிப்பாள். வயிற்று வலி என்பார்கள், உரம் விழுந்திருக்கிறது என்பார்கள், கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள். மருத்துவமனைக்கு வந்து சேரும்போது வலிப்பு நின்றிருக்கும். எடை பார்த்து, சொட்டு மருந்து எழுதி, திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இப்படி வீணாகும் நாட்களின் விலை அதிகம். இ.இ.ஜி. எடுத்துப் பார்த்து, ஏ.சி.டி.எச். ஊசியோ பிரெட்னிசலோனோ விகாபாட்ரினோ சீக்கிரம் தொடங்கினால் குழந்தையின் அறிவு வளர்ச்சி தப்பிக்கும் வாய்ப்பு கூடுகிறது. இந்தியாவில் நோய் தொடங்குவதற்கும் மருந்து தொடங்குவதற்கும் இடையே மாதக்கணக்கில் வீணாகிறது என்பதை நம் மருத்துவர்களே தொடர்ந்து எழுதிவருகிறார்கள். பிரசவத்தின்போது மூச்சுத் திணறிய குழந்தைகளும், பிறந்த நாட்களில் சர்க்கரை குறைந்துபோன குழந்தைகளும் இந்த நோய்க்கு அதிகம் ஆளாகிறார்கள் என்பது நம் நாட்டின் தனித் துயரம்.

கேஷுவாலிட்டியில் செய்யக்கூடியது என்ன? சட்டையைக் கழற்றிப் பார்ப்பது ஒன்று. தோலில் இலை வடிவில் வெளிறிய திட்டுகள் இருந்தால், தேமல் என்று விட்டுவிடாமல், டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபு நோயை நினைக்க வேண்டும். அதற்கு விகாபாட்ரின் நன்றாகக் கேட்கும். அடுத்தது அம்மாவின் செல்போன். இன்று வெஸ்ட்டின் கடிதத்தை ஒவ்வொரு தாயும் முப்பது நொடி வீடியோவாகக் கையில் வைத்திருக்கிறாள். பல இடங்களில் ‘போனை உள்ளே வைம்மா’ என்று சொல்லிவிடுகிறார்கள். சொல்லக் கூடாது. நரம்பியல் நிபுணர் இல்லாத ஊரில் அந்த வீடியோ பாதி நோய்க் கணிப்பு. கண் கருமணி எல்லாத் திசையிலும் தாறுமாறாகத் துள்ள, உடல் நடுங்கித் தள்ளாடும் குழந்தையைப் படம் பிடித்துவிட்டால், வயிற்றிலோ நெஞ்சிலோ ஒளிந்திருக்கும் நியூரோபிளாஸ்டோமா கட்டியைக்கூட அது காட்டிக்கொடுக்கும். 1962-ல் மார்செல் கின்ஸ்போர்ன் விவரித்த இந்த ‘ஆடும் கண்’ நோயில், ஏறக்குறையப் பாதிக் குழந்தைகளுக்கு அந்தக் கட்டி இருக்கிறது.

பொருந்தாததைக் கேட்பது

காய்ச்சல் வலிப்புக்கே திரும்புவோம். ஒரு வயதுகூட ஆகாத குழந்தை. வலிப்பு பதினைந்து நிமிடத்தைத் தாண்டியும் நிற்கவில்லை. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் இழுக்கிறது. காய்ச்சலும் லேசானதுதான், தடுப்பூசி போட்ட மறுநாள். அல்லது வெந்நீரில் குளிப்பாட்டிய பிறகு. அடுத்த மாதம் மறுபக்கம் இழுக்கிறது. பிரான்சின் ஷார்லோட் டிராவே 1978-ல் தனி நோயாகப் பிரித்துக் காட்டியது இதைத்தான், 2001-ல் எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணுவில் காரணம் கிடைத்தது. பெயர் தெரிவதால் என்ன லாபம் என்று கேட்கலாம். ஃபெனிட்டாயின், கார்பமசெபின் போன்ற வழக்கமான வலிப்பு மருந்துகள் டிராவே குழந்தைகளின் நோயை மோசமாக்கக்கூடும். லெவிடிராசெட்டம் போன்ற மாற்று மருந்து கேஷுவாலிட்டி அலமாரியிலேயே இருக்கிறது. தடுப்பூசிதான் பிள்ளையைக் கெடுத்தது என்ற தீராத குற்ற உணர்விலிருந்து தாயையும் அந்தப் பெயர் விடுவிக்கிறது.

பிறந்த சில நாட்களில் எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்பில் வைட்டமின் பி6 ஊசி போட்டுப் பார்க்க வேண்டும் என்பது 1954 முதல் தெரிந்த பாடம். சிலருக்கு அது ஒன்றே மருந்து.

நம் மாநிலத்தில் கட்டாயம் கேட்க வேண்டியது சொந்தத்தில் கல்யாணமா என்பது. தாய்மாமன், அத்தை மகன் உறவில் மணம் நடந்த வீடுகளில் பிறவி வளர்சிதை மாற்றக் கோளாறுகள் கூடுதல். சாதாரண வாந்தி பேதியோடு வந்த குழந்தை காரணமில்லாமல் மயங்கிக் கிடந்தால், முன்பு ஒரு குழந்தை இறந்திருந்தால், ரத்தத்தில் அம்மோனியா பார்க்க வேண்டும். சிகிச்சை தொடங்குமுன் எடுத்துப் பத்திரப்படுத்தும் சிறிதளவு ரத்தமும் சிறுநீரும் பின்னால் நோயின் பெயரைச் சொல்லும். குளுக்கோஸ் ஏறிய பிறகு அந்தத் தடயங்களில் சில அழிந்துவிடும். குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் போனாலும், அடுத்த குழந்தையைக் காப்பாற்ற அது உதவும்.

ஓரளவு பேசத் தெரிந்த பிள்ளைகளிடம் வரும் ஒரு நோயை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நன்றாக இருந்த குழந்தை ஒரு வாரமாகத் தூங்குவதில்லை, காரணமின்றி அலறுகிறது, பேச்சு குறைந்து நின்றேபோகிறது, வாயைக் கோணிக்கொள்கிறது, பிறகு வலிப்பு. பேய் பிடித்தது என்று கோயிலுக்கும் தர்காவுக்கும் கொண்டுபோகிறார்கள். சில மருத்துவர்கள் மனநோய் என்று அனுப்புகிறார்கள். ஜோசப் டால்மாவ் குழுவினர் 2007-ல் இதன் பின்னால் என்.எம்.டி.ஏ. ஏற்பியைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருப்பதைக் காட்டினார்கள். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் கொடுத்தால் பெரும்பாலோர் மீள்கிறார்கள். 577 பேரைத் தொடர்ந்த 2013 ஆய்வில், இரண்டாண்டு வரை கவனிக்கப்பட்டவர்களில் ஐந்துக்கு நால்வர் நல்ல நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். கண்டுபிடிக்கப்படாத பிள்ளை சங்கிலியில் கிடக்கும்.

இத்தனைக்கும் நடுவே எனக்குத் தெளிவாகத் தெரிவது, ஆயிரம் அரிய நோய்களின் பெயரை ட்யூட்டி டாக்டர் மனப்பாடம் செய்யத் தேவையில்லை என்பதே. எழுதிய பெயருக்குள் எது பொருந்தவில்லை என்று ஒரு முறை நின்று கேட்டால் போதும். மிச்சத்தைப் பெரிய மருத்துவமனை பார்த்துக்கொள்ளும். அந்தப் பொருந்தாத ஒன்றை முதலில் காண்பவள் பெரும்பாலும் தாய். ‘இது எப்பவும் போல இல்லைங்க’ என்று அவள் சொன்னால், அதைக் கேஸ் ஷீட்டில் நோய்க்குறியாகவே எழுத வேண்டும்.

பெற்றோருக்கு: வலிப்பு வந்தால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, வாயில் ஸ்பூன், தண்ணீர் எதுவும் வேண்டாம். மணி பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். இன்னொருவர் படம் பிடிக்கட்டும். கடைசியாக எப்போது சாப்பிட்டான், என்ன மருந்து கொடுத்தீர்கள், போன வாரம் செய்த எதை இன்று செய்யவில்லை என்பதைச் சொல்லுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

அரசுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பிரிட்டனின் அவசர மருத்துவக் கல்லூரி, அதே தொல்லைக்காக 72 மணி நேரத்துக்குள் திரும்பி வருபவரை மூத்த மருத்துவர் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று விதி வகுத்திருக்கிறது. இதற்குப் புதுக் கட்டடமும் வேண்டாம், புது மெஷினும் வேண்டாம். மூன்று நாளில் இரண்டாவது முறை தூக்கி வரப்படும் குழந்தையை ‘நேத்துதான் பார்த்தாச்சே’ என்று அனுப்பாமல், மூத்த குழந்தை மருத்துவர் ஒருவர் தொட்டுப் பார்த்தே தீர வேண்டும் என்ற ஒரு வரி ஆணையைத் தமிழ்நாட்டின் எல்லா மருத்துவமனைகளுக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறை இந்த ஆண்டே அனுப்ப வேண்டும்.